வயர்லெஸ் பிராட்பேண்ட் டவரில் ஹார்ன் ஆன்டெனாவா, செக்டர் ஆன்டெனாவா?

டவரிலிருந்து ஒரு பக்கத்து வீடுகளுக்கெல்லாம் விசிறிபோல் சிக்னலை விரிப்பது செக்டர். பெரும்பாலும் 60, 90 அல்லது 120 டிகிரி அகலம். ஹார்ன் புனல் வடிவில் இருக்கும்.

செக்டருக்குள் பல சிறு ஆன்டெனாக்கள் வரிசையாக இருக்கும். அவற்றின் அலைகள் சேரும்போது பக்கவாட்டிலும் கொஞ்சம் கசியும். கசியும் அதே வழியில்தான் அடுத்த டவரின் இரைச்சலும் உள்ளே வரும். பலரும் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தும் 5 கிகாஹெர்ட்ஸில் இது பெரிய தலைவலி. ஹார்னில் இந்தக் கசிவு மிகக் குறைவு. சந்தை இரைச்சலில் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் கேட்போமே, அப்படி.

நெருக்கடியான நகரத்துக்கு ஹார்னையே சொல்வேன். வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால், அதிக தூரம் எட்டும் செக்டரே சரி.

அப்புறம், டிபிஐ (dBi: ஆன்டெனா சிக்னலை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவு) எண் பெரிதானால் வேகமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைப் பொறுத்தே வேகம்.