புது டர்போவில் வளைந்த பிளேடு: அரம் போட்டு ஓட்டலாமா?

கேள்வி: 2012 மாடல் பெட்ரோல் ஹோண்டா சிட்டி வைத்திருக்கிறேன். கோவையில் ஒருவர் மூலமாக டர்போ கிட் (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) வாங்கினேன். மெக்கானிக் பெட்டியைப் பிரித்தபோது, டர்போவின் காற்றிழுக்கும் பக்கத்தில் இரண்டு பிளேடுகளின் நுனி வளைந்திருந்தது. தண்டைப் பிடித்து அசைத்தால் ஆட்டமும் தெரிகிறது. "நிமிர்த்தி, லேசாக அரம் போட்டால் போதும்" என்கிறார் மெக்கானிக். வாங்கிக் கொடுத்தவரோ, "நீங்கள் மாட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது. 18,000 ரூபாய் கொடுங்கள், புது கோர் போட்டுத் தருகிறேன்" என்கிறார். இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் பழைய மேனிஃபோல்டைக் கழற்றிய நிலையில் வண்டி பட்டறையில் நிற்கிறது. என்ன செய்வது?
– வாசகர், திருப்பூர்

பதில்: மாட்டாதீர்கள். அரமும் வேண்டாம், குறடால் நிமிர்த்தவும் விடாதீர்கள்.

உங்கள் மெக்கானிக் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ரேடியேட்டர் ஃபேனில் நுனி உடைந்தால் நாமே நிமிர்த்தி ஓட்டுகிறோம் அல்லவா, அந்தப் பழக்கம். ஆனால் உங்கள் இன்ஜின் நிமிடத்துக்கு 6,500 சுற்று வந்தாலே அலறும். இந்த அளவு டர்போவின் தண்டு முழு வேகத்தில் ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டும். அந்த வேகத்தில், மையத்திலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி ஓர் அரிசியின் எடை, அதாவது 0.02 கிராம், கூடக்குறைய இருந்தால் போதும். தண்டை ஓரமாக இழுக்கும் விசை கிட்டத்தட்ட 10 கிலோ. அரம் போடும்போது தரையில் விழும் தூள் அந்த அரிசி எடையைவிட அதிகம் இருக்கும். தண்டைத் தாங்கி நிற்பதோ முடியைவிட மெல்லிய ஆயில் படலம். நிமிர்த்துவதும் இதே கதைதான். வளைந்த அலுமினியத்தைத் திருப்பி வளைத்தால் பிளேடின் அடியில் விரிசல் விடும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. முழு வேகத்தில் அந்தத் துண்டு கழன்றால், அது காற்றோடு சேர்ந்து இன்ஜின் பக்கம்தான் போகும்.

சரி, யார் உடைத்தது? 18,000 ரூபாய் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இதற்கான பதிலை டர்போவே சொல்லும்.

ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு டர்போவில் காற்று நுழையும் வாய்ப்பக்கம் பாருங்கள். ஓடுகிற டர்போவுக்குள் நட்டோ கிளிப்போ போயிருந்தால், இம்பெல்லர், அதாவது பிளேடுகள் உள்ள சக்கரம், சுற்றிக்கொண்டே அதை வாங்கியிருக்கும். அதனால் ஏறக்குறைய எல்லா பிளேடுகளின் முன் விளிம்பிலும் ஒரே உயரத்தில் கொத்துக்கொத்தாகத் தழும்பு இருக்கும். தண்டு தடுமாறி இம்பெல்லர் கூட்டில் உரசியிருந்தால், கூட்டின் உள்சுவரில் வளையமாக ஒரு பளபளப்புக் கோடு விழுந்திருக்கும். பெட்டியோடு கீழே விழுந்ததோ, யாரோ கையாளும்போது தட்டியதோ இப்படி இராது: பக்கத்துப் பக்கத்து பிளேடுகள் இரண்டு மட்டும் ஒரே திசையில் மடங்கியிருக்கும், மற்றவற்றில் கீறல்கூட இருக்காது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இந்தக் கடைசி வகை. அப்புறம் டர்போவைத் திருப்பி, புகை வரும் பக்கத்தைப் பாருங்கள். ஒரு நிமிடம் ஓடியிருந்தாலும் அங்கே கரி படிந்திருக்கும், இரும்பு நிறம் மாறியிருக்கும். ஆயில் போகும் துளைக்குள் வெள்ளைத் துணியின் நுனியை விட்டு எடுங்கள். கறுத்த இன்ஜின் ஆயில் வருகிறதா, இல்லை கம்பெனியில் துருப்பிடிக்காமல் தடவிய தெளிந்த எண்ணெயா? கேஸ்கட்டுகள் நசுங்காமல் புதிதாக இருந்தால் அதுவும் சாட்சி.

இத்தனையையும் துடைப்பதற்கு முன்பே படம் எடுங்கள். பெட்டி, பெட்டிக்குள் வைத்த தெர்மோகோல், கூரியர் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து எடுங்கள். எடுத்த அன்றே விற்றவருக்கு வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் அனுப்பிவிடுங்கள். போனில் பேசியது எதுவும் கணக்கில் வராது.

இப்போது அந்த "புது கோர்". கூடு இரண்டையும் கழற்றினால் நடுவில் மிஞ்சும் தண்டு, பேரிங், இம்பெல்லர் எல்லாம் சேர்ந்ததுதான் கோர். சேதம் இம்பெல்லரில் மட்டும் என்றால் கோரை மாற்றுவது சரியான வைத்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இடைத்தரகர் வாயில் வரும் புது கோர் பல நேரம் புதியதில்லை. டீசல் வண்டியிலிருந்து கழற்றி, மணல் அடித்து, வெள்ளி பெயின்ட் பூசி, பார்ட் நம்பரைத் தேய்த்து அழித்த சரக்கு அது. "அதே சைஸ்தான் சார்" என்பார்கள். இம்பெல்லருக்கு இரண்டு அளவு உண்டு: காற்று நுழையும் வாயின் விட்டம், அடியில் அகன்ற பகுதியின் விட்டம். இரண்டையும் வெர்னியரில் அளந்து உங்கள் பழையதோடு ஒப்பிடுங்கள். இம்பெல்லருக்கும் கூட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். அரை மில்லிமீட்டர் தப்பினால் உரசும், அல்லது காற்று பின்வாங்கி பூஸ்ட், அதாவது காற்றழுத்தம், ஏறாது. டர்போவின் தகட்டில் உள்ள பார்ட் நம்பருக்கு இந்தக் கோர்தான் என்று தயாரிப்பாளரின் கேட்டலாக் சொல்ல வேண்டும், தரகர் சொல்லக் கூடாது. அதிவேக பேலன்ஸிங் மெஷினில் எடுத்த கிராஃப் தாளைக் கேளுங்கள். அதில் அந்தக் கோரின் எண் இருக்க வேண்டும். கிராஃப் இல்லை என்றால் பேலன்ஸ் செய்யவில்லை என்று அர்த்தம். "இம்பெல்லரை மட்டும் மாற்றித் தருகிறேன், 5,000 போதும்" என்று இன்னொருவர் வருவார். பேலன்ஸிங் மெஷின் இல்லாத கடையில் இம்பெல்லரின் நட்டைத் தொட விடாதீர்கள்.

இன்னொன்று, இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை: பழைய கோரை எக்ஸ்சேஞ்ச் என்று கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கையிலிருக்கும் ஒரே ஆதாரம் அது. அது போனால் படங்கள் எந்த டர்போவுடையவை என்று கேட்பார்கள். தரகரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் போட்டு, பில்லை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருப்பதும் இதே வகைதான். கிட் வாங்கும்போது அப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என்னிடம் வரும் பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான்.

ஆட்டம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நல்ல டர்போவையும் இதைக் காட்டித்தான் கெட்டுப்போனது என்று தள்ளுகிறார்கள். பழுதாகத் தெரிவதெல்லாம் பழுது என்று எடுத்துக்கொண்டால் தப்பில்லை, இது ஒன்றைத் தவிர. சாதாரண டர்போவில் தண்டு புஷ் பேரிங்கில் மிதக்கிறது. ஆயில் அழுத்தம் வந்தால்தான் அது நடுவில் நிற்கும். ஆயில் இல்லாமல் உலர்ந்து கிடக்கும்போது தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் லேசாக ஆடும், ஆடத்தான் வேண்டும். அப்படி அசைக்கும்போது இம்பெல்லர் கூட்டைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். முன்னும் பின்னும், அதாவது தண்டின் நீளவாக்கில், தள்ளி இழுத்துப் பாருங்கள். அங்கே கைக்குத் தெரியும்படி ஆட்டம் இருந்தால் தண்டு நீளவாக்கில் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது, அதில் சமாதானம் இல்லை. உங்களுடையது பால் பேரிங் டர்போ என்றால் நான் இப்போது சொன்ன சலுகை பொருந்தாது. அதில் பக்கவாட்டில் தெளிவான ஆட்டம் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். அது மட்டுமல்ல, பால் பேரிங் டர்போவுக்கு ஆயில் வரும் வழியில் ஆயில் வரத்தைக் குறைக்கும், சுமார் 1 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் போட வேண்டும். அதே ரெஸ்ட்ரிக்டரை புஷ் பேரிங் டர்போவில் போட்டால் ஆயில் பற்றாமல் தண்டு நீலம் பாய்ந்து போகும். எது எந்த வகை என்று கிட் பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்காது. பார்ட் நம்பரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு வருவோம். படங்களோடு எழுத்தில் புகார் கொடுத்தும் பதில் இல்லை என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்குள் வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டம், பொருளைச் சோதிக்கத் தேவையில்லாத புகாரை 3 மாதத்திலும் சோதிக்க வேண்டியதை 5 மாதத்திலும் முடிக்கச் சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாய்தா வாங்கி வாங்கி அலுத்தவர்களிடம் போய் இந்த மாதக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். அதனால்தான் பில்லும் படமும் என்று அடித்துக்கொள்கிறேன். அவை பலமாக இருந்தால் ஆணையம்வரை போக வேண்டியிருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒரு திருத்தத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியும் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி க்ளெயிமை மறுக்கலாம். கிட்டோ கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் போட்டு விற்பனைக்கு நிற்கிறது. பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் ரேஸுக்கு மட்டும் என்று ஒரு வரி. விற்பவரை யாரும் மடக்குவதில்லை, மாட்டியவரைத்தான் மடக்குகிறார்கள். கோவையில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் தடத்தில் ஓட்டுவதற்கென்று தனி வண்டி என்றால் வேறு பேச்சு. தினமும் ஆபீஸ் போகிற சிட்டி என்றால், கிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்குவதைத்தான் நான் சொல்வேன்.

முடிவு எதுவானாலும் அதுவரை வண்டி திறந்து கிடக்கக் கூடாது. பழைய மேனிஃபோல்டைப் புது கேஸ்கட் போட்டு மாட்டச் சொல்லுங்கள், பழைய கேஸ்கட் புகை கசியும். உடனே முடியாது என்றால் இன்ஜின் தலையின் எக்ஸ்ஹாஸ்ட் துளைகளைத் துணி திணித்து அடைக்காமல், மேலே அகலமான டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள். திணித்த துணியை எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்கிற பட்டறைகள் உண்டு. டேப்பைப் பிரித்ததும் நான்கு துளைகளிலும் டார்ச் அடித்து நட்டு, வாஷர் ஏதும் உள்ளே விழவில்லை என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிட்டு மேனிஃபோல்டை ஏற்ற விடுங்கள்.