இருபது வருடம் கழித்து மறுபடி சைக்கிள் ஓட்ட, பழைய ஸ்டீல் ரோடு பைக் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்தச் சைக்கிள் வேண்டாம்.

கேள்வியில் நீங்கள் சொன்னது: வயது 44, உயரம் 5 அடி 6 அங்குலம், வீடு இங்கிலாந்தின் லெஸ்டரில். கல்லூரி முடிந்ததோடு சைக்கிளை விட்டவர், இப்போது மறுபடி ஆரம்பிக்க ஆசை. 1980களில் வந்த ராலே ரோடு பைக் ஒன்று, ரெனால்ட்ஸ் 531 என்று ஃப்ரேம் குழாயின் பெயரைச் சொல்லும் ஸ்டிக்கரோடு, 23½ அங்குல ஃப்ரேம், 140 பவுண்டுக்குக் கிடைக்கிறது. பெரிதாகத் தெரிகிறதே என்று கேட்டதற்கு, சீட்டை முழுக்க இறக்கிக்கொண்டால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்கிறார்.

சரியாகாது. சீட்டை இறக்கலாம், ஃப்ரேமின் மேல்குழாயான பாரை இறக்க முடியாது. 23½ அங்குலம் என்பது சீட் கம்பி செருகும் குழாயின் நீளம், கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டர் ஃப்ரேம். அந்த அளவில் பார் தரையிலிருந்து ஏறக்குறைய 84 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். உங்கள் உயரத்துக்குக் காலின் உள்ளளவு 78 சென்டிமீட்டர் வாக்கில் வரும், ஷூவுக்கு இரண்டரை சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் குறைகிறது. சிக்னலில் இரண்டு காலையும் ஊன்றி நிற்க முடியாது. சட்டென்று பிரேக் போட்டு இறங்க நேர்ந்தால் பார் மேலேயே விழுவீர்கள். உயரம் கூடும்போது பாரின் நீளமும் கூடும் என்பதால் ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்து ஓட்ட வேண்டிவரும், ஒரே வாரத்தில் கழுத்தும் முதுகும் பிடித்துக்கொள்ளும். சின்ன வயதில் பெரியவர்கள் சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுப் பழகியவர்கள்தான் நாம். ஆனால் இன்று, இந்த ஊர் டிராஃபிக்கில், அளவு பொருந்தாத சைக்கிள் ஆபத்து.

உங்களுக்கு வேண்டியது 21 அங்குலம், அதாவது 53 சென்டிமீட்டர் ஃப்ரேம். போகும் முன் சுவரில் முதுகை ஒட்டி நின்று, இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு கெட்டியான புத்தகத்தை மேலே முட்டும்வரை ஏற்றிப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். பிராண்டு, ஸ்டிக்கர், பெயிண்ட், விலை எல்லாம் இந்த எண்ணுக்கு அப்புறம்தான்.

நான் இருப்பது நாட்டிங்ஹாமில். ராலே ஆசை எனக்கும் உண்டு. கும்பகோணத்தில் தாத்தாவிடம் ஒரு ராலே இருந்தது. ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்பக்கம், நாரைத் தலை பொறித்த பித்தளை வில்லை. அதில் 'நாட்டிங்ஹாம், இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் இருக்கும். அந்த எழுத்தைக் கூட்டிப் படித்தபோது எனக்கு ஆறு வயது. வேலைக்காக இந்த ஊருக்கே வந்து, ட்ரையம்ப் ரோட்டில் நடந்து போய், ராலே தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம் இருப்பதைப் பார்த்த அன்று மனது ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதனால் அந்த ஸ்டிக்கர் உங்களை எப்படி இழுக்கிறது என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் 43 வயதில் நான் முதலில் வாங்கியது ராலே இல்லை. பிரான்சில் செய்த ஒரு நீல நிற சைக்கிள், குரோம் பூசிய ஃபோர்க், 90 பவுண்டு. அளவு சரிதான். சீட் மட்டும் இரண்டு விரல் உயரமாக இருந்தது. 'வீட்டுக்குப் போய் இறக்கிக்கொள்ளுங்கள்' என்றார் விற்றவர். வீட்டில் போல்ட்டைத் தளர்த்தினேன், சீட் கம்பி அசையவில்லை. அலுமினியக் கம்பி ஸ்டீல் குழாய்க்குள் கிரீஸ் இல்லாமல் வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் இப்படி ஆகும். மழைத் தண்ணீரும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் உள்ளே இறங்கி, இரண்டு உலோகத்துக்கும் இடையில் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடி கட்டி உப்பிவிடும். வெல்டிங் வைத்த மாதிரி பிடித்துக்கொள்ளும். இரண்டு வாரம் எண்ணெய் விட்டேன், அம்மோனியா ஊற்றினேன். கடைசியில் சீட் கம்பியின் தலையை வைஸில் கடிக்க வைத்து, ஃப்ரேமையே பிடித்துத் திருகினேன். தலை தனியாக முறுக்கிக்கொண்டு வந்தது, கம்பி உள்ளேயே நின்றுவிட்டது. போதாததற்குப் பெடல் அச்சு உட்காரும் இடத்தில் பழைய பிரெஞ்சு மரை. ஆங்கிலேய சைக்கிள்களில் அச்சைத் தாங்கும் வலது கப்புக்கு எதிர்த்திசையில் திருகும் இடது மரை, இதில் இரண்டு பக்கமும் வழக்கமான வலது மரை, விட்டமும் வேறு. பக்கத்துக் கடைகளில் அதற்குப் பாகம் கிடைக்கவில்லை. அந்த ஃப்ரேமை ஒரு பட்டறைக்குக் கொடுத்துவிட்டேன்.

அதனால் இரண்டாவது சைக்கிள் பார்க்கப் போனபோது முதலில் பார்த்தது சீட் கம்பியைத்தான். நாட்டிங்ஹாமை ஒட்டிய பீஸ்டனில் ஒரு பெரியவர், அவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ராலே ராயல் என்ற டூரிங் மாடல், பச்சை நிறம், 21 அங்குலம். சீட்டை இறக்கிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். ஆலன் கீயால் போல்ட்டை இரண்டு சுற்று தளர்த்தி, சீட்டை இரண்டு விரலால் மேலே தூக்கினார். கம்பி வழுக்கிக்கொண்டு வந்தது, அதன் மேல் பழுப்பு நிறத்தில் பழைய கிரீஸ். சீட் கம்பிக்குக் கிரீஸ் வைத்தவர் மற்ற இடங்களையும் பட்டினி போட்டிருக்க மாட்டார் என்று அந்த நொடியே முடிவு செய்துவிட்டேன். 120 பவுண்டு கொடுத்தேன். இன்றுவரை அதைத்தான் ஓட்டுகிறேன்.

நீங்களும் இதைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். சீட் கம்பி, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் இரண்டும் உங்கள் கண் முன்னால் அசைய வேண்டும். 'கொஞ்சம் எண்ணெய் விட்டால் வரும்' என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். கம்பி வெளியே வந்ததும் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலாகப் படிந்த செம்பழுப்புத் தூள் பரவாயில்லை, செதில் செதிலாக உரிந்தால் வேண்டாம்.

அடுத்தது விபத்துத் தடம். முன்சக்கரம் எதிலாவது மோதியிருந்தால் ஹேண்டில்பார் குழாய்க்குச் சற்றுப் பின்னால், பாரின் அடியிலும் கீழ்க்குழாயின் அடியிலும் உலோகம் லேசாக மடிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பெயிண்ட் மறைத்துவிடும். விரல் நுனியை அழுத்தாமல் மெதுவாக ஓட்டுங்கள். துணியில் சுருக்கம் தட்டுப்படுகிற மாதிரி ஒரு மேடு தட்டுப்பட்டால் அந்த ஃப்ரேமை விட்டுவிடுங்கள். பக்கவாட்டிலிருந்து ஃபோர்க்கையும் பாருங்கள். நுனிக்குக் கிட்டே முன்னோக்கி வளைய வேண்டியது பின்னோக்கித் தள்ளியிருந்தால் அதுவும் மோதியதுதான்.

ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரெனால்ட்ஸ் என்பது பர்மிங்ஹாமில் குழாய் செய்கிற நிறுவனம். மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த 531 எஃகை 1935இல் கொண்டுவந்தார்கள். பட்டட் வகையில் குழாயின் இரண்டு முனையும் தடிப்பு, நடுப்பகுதி மெல்லிசு. பற்றவைக்கும் இடத்தில் வலு, மற்ற இடத்தில் எடை குறைவு. பல பத்தாண்டுகள் ஐரோப்பியப் பந்தய வீரர்கள் ஓட்டிய குழாய் இது. அன்று சாமானியர் யோசித்து வாங்கிய பொருள் இன்று ஒரு சாதாரண புது சைக்கிளின் பாதி விலைக்குக் கிடைக்கிறது, உங்கள் யோசனை நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான். ஆனால் ஸ்டிக்கரை முழுதாகப் படியுங்கள். குழாய்கள், ஃபோர்க், பின்பக்கத் தாங்கு கம்பிகள் எல்லாமே 531 என்று ஒன்று சொல்லும். மூன்று முக்கியக் குழாய்கள் மட்டும் என்று இன்னொன்று சொல்லும். இரண்டும் ஓட்டத் தகுந்தவைதான், விலை மட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. அதே நிறுவனத்தின் மலிவான குழாயான 501இல் அளவு சரியான ஃப்ரேம் கிடைத்தால், அளவு தப்பான 531ஐ விட எனக்கு அதுதான் மேல்.

ஒரு காந்தம் எடுத்துப் போங்கள், ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற சின்னது போதும். ரிம்மில் ஒட்டினால் அது குரோம் பூசிய ஸ்டீல் ரிம். பார்க்கப் பளபளவென்று இருக்கும், மழையில் பிரேக் பிடிக்காது. இங்கிலாந்தில் மழையைத் தவிர்த்து ஓட்ட முடியாது, ஆகவே அலுமினிய ரிம் உள்ளதாகப் பாருங்கள். டயர் அளவையும் படித்துக்கொள்ளுங்கள். 1980களின் நடுப்பகுதி வரை இங்கே 27 அங்குலச் சக்கரம்தான் அதிகம், டயரில் 630 என்று இருக்கும். இப்போது எங்கும் கிடைக்கும் 700சி என்ற அளவுச் சக்கரத்துக்கு 622. பார்க்க ஒன்று போலவே இருந்தாலும் ஒன்றின் டயர் மற்றதில் உட்காராது. 630க்கு இன்னமும் டயர் கிடைக்கிறது, அதனால் அதற்காகவே ஒதுக்க வேண்டாம். பிற்பாடு 700சி சக்கரம் மாற்ற நினைத்தால் ரிம் 4 மில்லிமீட்டர் உள்ளே போகும். பிரேக் கட்டை அந்த அளவு கீழே இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். நம்மூர்ச் சைக்கிள் போலப் பெடல் தண்டை காட்டர் பின் என்கிற ஆப்பு ஆணி அடித்து மாட்டியிருந்தால் முதல் சைக்கிளாக அதை வாங்காதீர்கள்.

வாங்குகிற விலைக்குச் சமமாக இன்னொரு தொகையை ஒதுக்கி வையுங்கள். எனக்கு டயர், ட்யூப் 48 பவுண்டு, பிரேக் கட்டையும் கேபிள்களும் 26, செயினும் ஃப்ரீவீலும் 32, கிரீஸ், பேரிங் குண்டுகள் 9, ஹேண்டில்பார் டேப் 10. மொத்தம் 125. ஓவராயிலை நானே செய்தேன். சின்ன வயதில் கும்பேஸ்வரர் கோயில் பக்கம் சைக்கிள் கடையில் மணிக்கணக்கில் நின்று பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் குண்டுகளைக் கொட்டி, பழைய பிரஷ்ஷால் கழுவி, கப்பில் கிரீஸை வழித்து வைத்து, அதில் ஒவ்வொரு குண்டாக ஒட்டவைப்பார் கடைக்காரர். அதையே என் சமையலறை மேஜையில் செய்தேன், கை தானாக வந்தது. பழைய ஸ்டீல் சைக்கிளின் பெரிய வசதி இதுதான்: திறந்து பார்த்துப் புரிந்துகொண்டு நாமே சரிசெய்ய முடியும். உங்களால் முடியாவிட்டால் கூலிக்கு இன்னும் 80, 100 பவுண்டு எடுத்து வையுங்கள்.

உங்கள் உடம்புக்காக இரண்டு மாற்றம் செய்துகொள்ளுங்கள். ஒன்று, ஹேண்டில்பாரை சீட் உயரத்துக்கு ஏற்றுங்கள். பழைய ஸ்டெம்மில் மேல் போல்ட்டை நான்கு சுற்று தளர்த்தி, மரக்கட்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடும், அப்புறம் உயர்த்தலாம். ஸ்டெம்மில் போட்டிருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியக் கூடாது. இரண்டாவது, கியர். அக்காலத்து ரோடு பைக்கில் முன்னால் 52, 42 பல்லும் பின்னால் 14 முதல் 28 வரையும் இருக்கும். இருபது வயதுக்காரருக்கு அது போதும். நான் அதை வைத்துக்கொண்டு இந்த ஊர் மாப்பர்லி மேட்டில் மூன்று முறை இறங்கித் தள்ளினேன், முட்டி வலித்தது. அப்புறம் 14-34 ஃப்ரீவீலும் அதற்குத் தகுந்த நீளக் கையுள்ள பின் டீரெய்லரும் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி) மாற்றினேன், இப்போது உட்கார்ந்தபடியே ஏறுகிறேன்.

விற்பவரிடம் அளவு பொருந்தவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். உயரமான யாருக்காவது அது நல்ல சைக்கிளாக அமையும். குளிர் ஆரம்பித்ததும் விலை கொஞ்சம் இறங்கும், அதுவரை பொறுங்கள். 21 அங்குலத்தில் ஒன்று கண்ணில் பட்டால் அளவு நாடா, காந்தம், டார்ச், 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ எடுத்துக்கொண்டு போங்கள். கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தையும், ஸ்டிக்கரையும், பின்சக்கரம் மாட்டும் இடத்தையும் படம் எடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். சனி, ஞாயிறாக இருந்தால் கூடவே வரவும் தயார். நாட்டிங்ஹாமிலிருந்து லெஸ்டர் ரயிலில் அரை மணி நேரம்தான்.