மறுமொழி: எஸ்பிஎம் பள்ளியிறுதித் தேர்வு முடித்த மகனுக்கு எந்தக் கணினிப் பயிற்சி?

சகோதரி, பினாங்கின் நிபோங் திபாலில் இருக்கும் மகனைக் கடன் வாங்கியாவது கோலாலம்பூரில் ஒரு தனியார் கணினி வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன், எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்குமா என்று அவர்களிடம் எழுத்து மூலம் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி என்றால் பிடிபிகே எனும் அரசுத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். வட்டிக்காரரிடம் போகவே வேண்டாம்.

வேலை நம் பினாங்கிலேயே இருக்கிறது. கணினிச் சில்லு தயாரிக்கும் இன்டெல் நிறுவனம் 1972இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸுக்கு வந்தது. பின்னால் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் பெருகின. தேர்ந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதற்காகவே அரசும் நிறுவனங்களும் கல்வியாளர்களும் கைகோத்து 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். முதலில் அங்கே விசாரியுங்கள். இன்று ஆபரேட்டராக நிற்பவருக்கே இயந்திரத் திரையில் ஓடும் எண்களைப் படித்து, கோளாறைக் கணினியில் பதியத் தெரிந்திருந்தால்தான் அடுத்த படி.

அதுவரை தம்பி சும்மா இருக்க வேண்டாம். மனிதவள மேம்பாட்டு அமைப்பான எச்ஆர்டி கார்ப்பின் இ-லாத்தே இணையத் தளத்தில் இலவசப் பாடங்கள் உண்டு, எக்செல்லில் தொடங்கட்டும். கைப்பேசியில் மட்டும் பார்த்தால் கை பழகாது, பழைய மடிக்கணினியாவது வாங்கிக் கொடுங்கள். மையத்துக்குத் தொலைபேசியில் பேசுவதையும் அவரிடமே விடுங்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், அடுத்ததைச் சேர்ந்து பார்ப்போம்.