பழைய எக்கோ மெஷினுக்கு சர்க்யூட் படம் எங்கே கிடைக்கும்?

மதுரை கீழவாசல் பக்கம் ஆம்ப்ளிஃபையரும் ஆர்கெஸ்ட்ரா சாமானும் பழுதுபார்த்தே என் காலம் ஓடிவிட்டது. சர்க்யூட் படம் தேடி அலைகிறவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் இங்கே.

மேலூர் மைக் செட்காரர்: ரோலண்ட் ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோ ஒன்று வாங்கினேன். பேச்சு வருகிறது, எக்கோ வரவில்லை. சர்வீஸ் மேனுவல் கிடைக்குமா அண்ணே?

கிடைக்கும். ஆனால் மேனுவல் என்று தேடினால், எந்தக் குமிழைத் திருப்பினால் என்ன ஆகும் என்று சொல்லும் ஓனர்ஸ் மேனுவல்தான் முதலில் வந்து நிற்கும். பழுதுபார்ப்பவர்களுக்காக ரோலண்ட் அச்சிட்ட தாளின் பெயர் ‘சர்வீஸ் நோட்ஸ்’. அந்தப் பெயரில் தேடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவில் இந்த மாதிரி ஸ்கேன்கள் நிறைய இருக்கின்றன.

அது வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இந்த மெஷினில் ரிவெர்ப் (பெரிய மண்டபத்தில் பாடுகிற மாதிரி ஒலி நீள்வது) ஸ்பிரிங்கில் பிறக்கிறது, எக்கோ டேப்பில் பிறக்கிறது. ரிவெர்ப் வருகிறதென்றால் மைக் வாங்கும் பகுதி நன்றாக இருக்கிறது. டேப் ஓடுகிறதா, ஹெட்டில் அழுக்கா என்று பாருங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சும் போதும். அப்புறம், ஜப்பானில் விற்ற மெஷின் 100 வோல்ட். பின்பக்கம் படித்துவிட்டு பிளக்கை மாட்டுங்கள்.

உசிலம்பட்டி மெல்லிசைக் குழு: உள்ளூரில் யாரோ செய்த எக்கோ பெட்டி. கம்பெனி பெயரே இல்லை. இதற்குப் படம் எங்கே தேடுவது?

எங்கேயும் தேடாதீர்கள். செய்தவரிடமே இருந்ததோ என்னவோ.

பெட்டியைத் திறந்து பெரிய ஐசியின் மேல் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். எம்என்3005, எம்என்3007 என்று இருந்தால் அது மட்சுஷிடாவின் பக்கெட் பிரிகேட் ஐசி. கிணற்றிலிருந்து தொட்டி வரை வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுகிற மாதிரி, ஒலியைத் துண்டு துண்டாக அடுத்தடுத்த படிக்குத் தள்ளும். 3007-ல் 1024 படி, 3005-ல் 4096. எப்போது தள்ள வேண்டும் என்று தாளம் போடும் கிளாக் ஐசி எம்என்3101 பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். இவற்றின் டேட்டாஷீட்டிலேயே, அதாவது ஐசி செய்த கம்பெனி வெளியிட்ட விவரத் தாளிலேயே, மாதிரி சர்க்யூட் உண்டு. உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள்.

மீதியை நீங்களே வரைய வேண்டியதுதான். போர்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். செம்புப் பக்கத்தை இடவலமாகத் திருப்பி மேல்பக்கத்தோடு பொருத்துங்கள். முதலில் கிரவுண்டும் சப்ளையும், பிறகு மற்றவை. நான் ஒன்றை இப்படி வரைய ஆரம்பித்தது சித்திரைத் திருவிழாக் கொடியேற்றத்தன்று. முடித்தபோது அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். அந்தத் தாளுக்கு இன்றும் நகல் கேட்டு வருகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: 3007 இல்லை, 3207 போட்டுக்கொள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 3207 குறைந்த வோல்ட்டேஜில் ஓடுவது, சப்ளையின் பிளஸ், மைனஸும் தலைகீழ்.

சிம்மக்கல் பாலிடெக்னிக் மாணவர்: போர்டில் சி1815 என்று ஒரு டிரான்சிஸ்டர். டேட்டாஷீட் சிக்கவில்லை. பிசி547 போட்டேன், சத்தமே இல்லை.

ஜப்பான் டிரான்சிஸ்டரில் முன்னால் வரும் ‘2எஸ்’ஐ அச்சடிக்காமல் விட்டுவிடுவார்கள் தம்பி. 2எஸ்சி1815 என்று தேடு. சத்தம் வராததற்குக் காரணம் கால் வரிசை. தட்டைப் பக்கம் உன்னைப் பார்க்க, கால் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து 1815-க்கு எமிட்டர், கலெக்டர், பேஸ். 547-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். காலை வளைத்துப் போட்டால் வேலை செய்யும்.

திருப்பரங்குன்றம் வாசகர்: எல்லா மாடல் சர்க்யூட்டும் பென் டிரைவில் தருகிறேன் என்று ஒருவர் காசு கேட்கிறார். வாங்கலாமா?

உங்கள் மாடலின் ஒரு பக்கத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள். போர்டு நம்பர் ஒத்துப்போனால் பேசலாம். பெரும்பாலும் ஒத்துப்போகாது.

திருமங்கலம் கிட்டார்காரர்: பாஸ் (Boss) கம்பெனியின் பழைய கோரஸ் பெடல். 9 வோல்ட் எலிமினேட்டரில் (அடாப்டரில்) லைட் மங்கலாக எரிகிறது. படம் பார்த்துச் சரிசெய்ய வேண்டுமா?

பெடலில் அடாப்டர் பெயர் ஏசிஏ என்று போட்டிருக்கிறதா? அப்படியானால் அது ரெகுலேட் செய்யாத 12 வோல்ட் அடாப்டருக்காகச் செய்தது. 9 கொடுத்தால் மங்கத்தான் செய்யும். பேட்டரி போட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் பெடலைத் திறக்கவே வேண்டாம்.