இத்தாலியின் தடையற்ற வணிகப் பொருளாதார அறிஞர்கள் முசோலினியை ஆதரித்தது ஏன்?

எல்லோரும் ஆதரிக்கவில்லை. ஒரே பத்திரிகையை நடத்திய இரண்டு நண்பர்களே எதிரெதிர்த் திசையில் போனார்கள்: மஃபேயோ பந்தலேயோனி, அந்தோனியோ தெ வீத்தி தெ மார்கோ. 1890இல் ‘ஜோர்னாலே தெல்யி எகோனோமிஸ்தி’ இதழ் இவர்கள் கைக்கு வந்தது. உள்நாட்டு உற்பத்தியாளர்களைக் காக்க இறக்குமதிக்குப் போடும் காப்பு வரிகளோடு அது ஓயாமல் மல்லுக்கட்டியது.

காரணம் இருந்தது. 1887இல் இத்தாலி இரும்பு, துணி, கோதுமை இறக்குமதிக்கு வரியை ஏற்றியது. வடக்கே ஆலை முதலாளிகளுக்கும், கோதுமை விளைவித்த பெருநிலக்காரர்களுக்கும் கொண்டாட்டம். பிரான்ஸ் சும்மா இருக்குமா? அடுத்த வருடமே வரிப்போர் மூண்டது. பிரான்ஸை நம்பி ஒயின் தயாரித்த தெற்குத் திராட்சை விவசாயிகள் நொடித்துப்போனார்கள். கோதுமை வரியோ 1895இல் குவிண்டாலுக்கு 7.5 லிராவைத் தொட்டது. ரொட்டி வாங்குகிற ஏழைதான் அதைக் கட்டினான். தெ வீத்தி அந்தத் தெற்கிலேயே, லெச்சேயில் பிறந்தவர். ஊர்க்காரர்கள் கெட்டுப்போனதைப் பார்த்தவருக்குத் தடையற்ற வணிகம் வெறும் ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. 1904இல் காப்பு வரி எதிர்ப்புக் கழகம் உருவானபோது அதில் முன்னால் நின்றார்.

பந்தலேயோனிக்குப் பெரிய பயம் சோசலிஸ்டுகள். முதல் உலகப் போருக்குப் பின் தேசியவாதக் கவிஞர் தானுன்ட்சியோ, ஏட்ரியாட்டிக் கடலோர ஃபியூமே நகரைப் பிடித்து ஆண்டபோது, அங்கே நிதிப் பொறுப்பை ஏற்றார். அப்புறம் முசோலினி பக்கம். என் பார்வையில் விஷயம் இதுதான்: கொள்கை ஒன்றே, யாரை முதல் எதிரியாக நினைத்தார்கள் என்பதில்தான் பிரிந்தார்கள்.

இந்த இருவருக்கும் நடுவில் இன்னொரு தடையற்ற வணிக அறிஞர், லுயீஜி எய்னவ்தி. 1922இல் முசோலினி ஆட்சியோடு வந்த நிதியமைச்சர் தெ ஸ்தெஃபானி செலவைக் குறைத்தார், ஆயுள் காப்பீட்டில் அரசின் ஏகபோகத்தை ஒழித்தார். இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது நடக்கிறதே என்று எய்னவ்தியும் பாராட்டினார். ஆனால் 1924இல் முசோலினியை எதிர்த்த சோசலிஸ்ட் எம்.பி. மத்தேயோத்தியைப் பாசிஸ்டுகள் கொன்றதும் தொழிலதிபர்கள் வாய் திறக்கவில்லை. ‘கொரியேரே தெல்லா செரா’ நாளிதழில் அந்த மௌனத்தை எய்னவ்தி வெளுத்து வாங்கினார். 1925இல் தெ ஸ்தெஃபானி போய் வோல்பி வந்தார்; போர்க்காலத்தில் நிறுத்தியிருந்த கோதுமை வரியும் திரும்பி வந்தது. அத்தனை வருடச் சண்டையும் வீண்!

தத்துவ அறிஞர் குரோச்சேயோடு எய்னவ்தி நடத்திய விவாதமும் இங்கிருந்து பார்த்தால் புரியும். சுதந்திரம் ஓர் அறநெறி, சந்தை ஒரு கருவி மட்டுமே என்றார் குரோச்சே. சோறு போடுவது அரசு ஒன்றுதான் என்றால் அதை எதிர்த்து எவன் பேசுவான் என்பது எய்னவ்தியின் வாதம்.

1931இல் பேராசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றார்கள். எய்னவ்தி எடுத்துக்கொண்டார். அவருடைய ‘ரிஃபோர்மா சொச்சியாலே’ இதழை 1935இல் எப்படியும் மூடிவிட்டார்கள். தெ வீத்தியோ உறுதிமொழி எடுக்காமல், எழுபது கடந்த வயதில் பதவியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.