சினோ, காக்கி, டேப்பர்ட்: பருமனான தொடைக்கு எந்த பேண்ட்?

கேள்வி: எனக்கு இடுப்பு 34, தொடை கொஞ்சம் பருமன். அலுவலகத்தில் ஜீன்ஸ் கூடாது, சினோ போடலாம் என்கிறார்கள். ஆன்லைனில் தேடினால் சினோ, காக்கி, கார்கோ, ஸ்லிம், டேப்பர்ட், பூட்கட் என்று ஏகப்பட்ட பெயர்கள். எதை வாங்குவது?

பதில்: நீங்கள் குழம்புவதில் தப்பே இல்லை. இந்தப் பெயர்களில் சில துணியைச் சொல்கின்றன, சில நிறத்தை, சில வெட்டை. விற்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடுகிறார்கள்.

காக்கி என்பது நிறம். 1840களின் கடைசியில் பெஷாவரில் ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஹாரி லம்ஸ்டன் தன் கைட்ஸ் படைக்கு மண் நிறச் சாயமேற்றிய உடை கொடுத்ததில் தொடங்கியது. சினோ என்பது துணி: அமெரிக்க ராணுவம் உடுத்திய ட்வில் (சாய்வரி நெசவு) பருத்தி. இரண்டாம் உலகப் போர் முடிந்து கல்லூரிக்குப் போன வீரர்கள் அதையே போட்டுக்கொண்டு போக, எல்லோருக்குமான பேண்ட் ஆகிவிட்டது. ஆக, காக்கி நிற சினோவும் உண்டு, கறுப்பு சினோவும் உண்டு. கார்கோவுக்கு அடையாளம் தொடைப் பை. 1942-இல் அமெரிக்க பாராசூட் வீரர்களின் சீருடையில் இருந்தது. அலுவலகத்துக்கு வேண்டாம். முழங்காலுக்குக் கீழே லேசாக விரியும் பூட்கட், பெல்பாட்டத்துக்கு அடக்கமான தம்பி.

உங்களுக்குத் தேவையான வெட்டு டேப்பர்ட். தொடையில் தாராளம், கீழே போகப் போகக் குறுகல். இந்த யோசனை நம் நாட்டிலேயே இருந்ததுதான். 1897-இல் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்கு இங்கிலாந்து போன சர் பிரதாப் சிங்கும் அவருடைய போலோ குழுவும் போட்டிருந்த ஜோத்பூர் கால்சட்டை, தொடையில் நன்றாகப் புடைத்து, முழங்காலுக்குக் கீழே ஒட்டிப் பிடிக்கும். துணி இழுபடாத காலம். குதிரைமேல் காலை அகட்டி உட்கார வேறு வழி? இழுபடும் துணி வந்தபிறகு குதிரையேறுபவர்களுக்கே அந்தப் புடைப்பு தேவைப்படவில்லை.

நீங்களும் 2 சதவீதம் எலாஸ்டேன் (இழுபடும் இழை) கலந்த சினோவாகப் பாருங்கள். முன்பக்கம் இடுப்புக்குக் கீழே பிளீட் (மடிப்பு) வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது. அது பழைய பாணி என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். தொடையை ஒட்டிப் பிடிக்கும் ஸ்லிம் பக்கமே போகவேண்டாம்.

வாங்குமுன், உங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய பேண்டைத் தரையில் விரித்து, கவட்டைக்குக் கீழே குறுக்காக அளந்து இரட்டியுங்கள். கடையின் அளவுப் பட்டியலில் தொடை அளவு அதற்குக் குறையக்கூடாது. இடுப்பு ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, தையல்காரர் பிடித்துக் கொடுத்துவிடுவார். தொடையை அவரால் பெரிதாக்க முடியாது. ரெடிமேடில் உள்ளே விட்டிருக்கும் துணி அவ்வளவு குறைவு.