தாய்மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே வலி

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. மது, புகை எதுவும் கிடையாது. கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே துடித்துப்போனான். ரத்தத்தில் யூரிக் அமிலம் 11; கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம்) என்றார்கள். அதற்கு முன்பே சிறுநீரகக் கல்லும் எடுத்தோம். என் அண்ணனுக்கும் இளவயதிலிருந்து இதே தொல்லை. அசைவத்தை நிறுத்தியும் குறையவில்லை. நான் சமைத்துப் போட்டதுதான் காரணமா?
- ஒரு வாசகி

பதில்: இல்லை அம்மா, சமையலை விடுங்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது அந்த 11 அல்ல, உங்கள் அண்ணன். பதின்வயதில் கவுட், கூடவே கல், அதுவும் தாய்வழி ஆண்களுக்கே என்றால், பிறவி நொதிக் குறையைச் சந்தேகிக்க வேண்டும்.

யூரிக் அமிலத்தின் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதில்லை. நம் செல்களின் மரபுப் பொருளில் உள்ள பியூரின்கள் என்ற வேதிப்பொருள்கள் சிதைவதால்தான் உருவாகிறது. இடித்த சுவரின் செங்கல்லை மறுபடி கட்டடத்துக்கு எடுப்பதுபோல், ஹெச்ஜிபிஆர்டி என்ற நொதி பழைய பியூரின்களை மீட்டெடுக்கும். அது குறைந்தால் அவை யூரிக் அமிலமாகிவிடும். போதாததற்கு உடல் புதிய பியூரினையும் அளவுக்கு மீறித் தயாரிக்கும். இந்த நொதி அடியோடு இல்லாவிட்டால் வருவது 1964-ல் விவரிக்கப்பட்ட லெஷ்-நைஹான் நோய். அதில் குழந்தைப் பருவத்திலேயே கைகால் இயக்கம் கெடும், தன் உதட்டையும் விரலையும் தானே கடித்துக்கொள்வார்கள். உங்கள் மகனுக்கு அப்படி எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. நொதி அடியோடு இல்லாமல் போகாமல் ஓரளவு மட்டும் குறைந்தால், பெரும்பாலும் கவுட்டும் கல்லும்தான்.

இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதனால் தாய் கடத்துவார், மகன் அவதிப்படுவான். (இதில் தாயின் தவறு ஒன்றுமில்லை; சொந்தக்காரர்கள் பேசினால் பேசட்டும்.)

முதலில் 24 மணி நேரச் சிறுநீரில் யூரிக் அமிலத்தை அளக்கச் சொல்லுங்கள். அதிகம் வெளியேறினால், அடுத்து ரத்தத்தில் நொதிப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை. பிஆர்பிபி சின்தடேஸ் என்ற வேறொரு நொதி மிகையாக இயங்கினாலும் இதே தோற்றம்தான் இருக்கும்.

மருந்து, யூரிக் அமிலம் உருவாவதைக் குறைக்கும் அலோபியூரினால். அளவைச் சிறுநீரக மருத்துவர் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும்; மருந்து கூடினால், யூரிக் அமிலத்துக்கு முந்தைய பொருளான சாந்தைன் சேர்ந்து அதனாலேயே கல் வரலாம். யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் தள்ளும் புரோபெனெசிட் போன்றவை இவனுக்கு வேண்டாம், கல் கூடும். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். அப்புறம், அண்ணனையும் அழைத்துப் போங்கள். மகள் இருந்தால், அவள் குழந்தை பெறுமுன் மரபணு ஆலோசனை கேட்டுக்கொள்ளட்டும்.